இரவல் கொம்பு

தலைநகரிலிருந்து பதினோரு மணி நேரம் வேனில் வந்தேன்,
இரண்டாம் வகுப்புக்கு நாடகம் சொல்லித்தர.
மூச்சை எங்கே நிறுத்துவது,
குரலை அடிவயிற்றிலிருந்து எடுப்பது எப்படி,
நாற்பது பக்கக் குறிப்பு பையில்.
முதல் வாரமே பாதி அடுப்புக்குப் போயிற்று.
கோபியில் ஏப்ரலிலும் குளிர்.

எல்லோருக்கும் தெரிந்த கதையைத்தான் எடுத்தேன்.
ஒரு காலத்தில் ஒட்டகத்துக்குக் கொம்பிருந்தது,
கிளை கிளையாக.
தண்ணீரில் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றது.
மொட்டைத்தலை மான் வந்தது, மூக்கை உறிஞ்சியது.
விருந்துக்குப் போகணும், ஒரு ராத்திரிக்கு மட்டும் என்றது.
கொடுத்தது.
அவ்வளவுதான்.
இன்றைக்கும் ஒரு வாய் குடித்துவிட்டு
ஒட்டகம் தலைதூக்கித் தூரத்தைப் பார்க்கிறது.

எல்லோரும் மானாகவே கேட்டார்கள்.
அதிகம் கத்தியவன் மியாங்கன்பயார், அவனுக்கே கொடுத்தேன்.
சாக்சால் குச்சிகளைக் கம்பியால் கட்டி,
சமையற்காரரின் கிழிந்த பூட்ஸிலிருந்து கம்பளி உரித்துச் சுற்றினோம்.
கொம்பில் லேசாகக் கால் நாற்றம்.
"திருப்பிக் கொடு" என்று ஒட்டகம் கேட்கும்போது
மான் சொல்ல வேண்டும்:
ஆட்டுக்கொம்பு வானத்தை முட்டட்டும்,
உன் வால் தரையைத் தொடட்டும்,
அன்றைக்குத் தருகிறேன்.
ஆடாக நின்ற துல்காவுக்கு வசனமே கிடையாது.
ஆனாலும் அந்த இடம் வரும்போதெல்லாம்
நுனிக்காலில் எம்பினான்.
"இன்னும் கொஞ்சம்தான் டீச்சர் பாக்கி" என்றான்.

ஒட்டகத்துக்குப் பார்க்கக் கற்றுத்தர உட்கார்ந்தேன்.
தூரத்தில் ஒரு புள்ளி வை,
கண்ணைச் சுருக்காதே,
வரப்போகிறது என்று நினைத்துக்கொள் என்பதற்குள்
நொமுன்தாரி பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஜன்னல் வழியாக, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி,
வெள்ளிக்கிழமைகளில் மோட்டார்சைக்கிள் தூசி எழும் பக்கம்.
விடுதியில் முப்பத்திரண்டு கட்டில்.
அவள் அப்பா மந்தையோடு தொண்ணூறு கிலோமீட்டர் தெற்கே.
ஆறு வயதிலிருந்து அவளுக்கு இதுதான் ஒத்திகை.
குறிப்பில் அந்தப் பக்கத்தை மடித்து வைத்தேன்.

நாடகத்தன்று புழுதிக்காற்று.
வந்த பெற்றோர் ஒன்பது பேர்,
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருமினார்கள்.
மான் வசனம் சொன்னது, ஆடு எம்பியது,
மான் ஓடியது.
மேடையோரத்தில் நிற்கச் சொல்லியிருந்தேன்.
வாசலையும் தாண்டி ஓடிவிட்டான் பயல்.
கதவு படபடத்தது.
அந்தக் கதவையே பார்த்து நின்றாள் ஒட்டகம்.
திரைக்கயிறு என் கையில்.
இழுக்க வேண்டும்.
இழுக்கவில்லை.
இருமல் நின்றது.
யாரோ ஒருத்தி கன்னத்தைத் துடைத்தாள், தூசி என்றாள்.

அப்புறம் அவனே திரும்பி வந்தான்,
தலையெல்லாம் மணல்.
"காத்து கொம்பைப் புடிச்சு இழுக்குது. இந்தா, நீயே வச்சுக்கோ."
சபை சிரித்தது.
அவள் சிரிக்கவில்லை.
"போ" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.
"நீ வரக்கூடாது. வந்துட்டா
நான் எதுக்குப் பாக்கணும்?"
பாவம், காற்றுக்குள் மறுபடியும் ஓடினான்.

இப்போது கொம்பு விடுதிச் சுவரில் தொங்குகிறது.
சின்னப் பிள்ளைகள் கையுறையைக் காயப்போடுகிறார்கள்.

கிளம்பும் நாளில் வேன் உறுமிக்கொண்டிருந்தது.
நொமுன்தாரியிடம் சொன்னேன்:
செப்டம்பரில் வந்துவிடுவேன்,
அடுத்தது முயல் கதை, நீதான் முயல்.
அவள் பதில் சொல்லவில்லை.
எட்டி, என் கம்பளித் தொப்பியைக் கழற்றி,
தலையைத் தடவிப் பார்த்தாள்,
கொம்பு ஏதும் இருக்கிறதா என்று.